மஸ்டாங் கார் சைடு மிரர்: நட்டு கழட்டியும் வரல

இழுக்காதீங்கண்ணே, மிரரைப் பிடிச்சிட்டு நிக்கிறது வயர். ஆரியங்காவு வளைவுல லாரி உரசி உடைஞ்சது, உள்பக்க முக்கோண மூடியை எடுத்து மூணு நட்டும் கழட்டியாச்சு, அப்பவும் வரலைன்னு போட்டிருக்கீங்க, கப்ளர், அதாவது வயரை இணைக்கிற பிளக்கு, இன்னும் டோர் பேடுக்குள்ள (கதவோட உள்பக்க மூடி) மாட்டியே இருக்கும், அதான்.

1. பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. டோருக்குள்ள ஏர்பேக் சென்சார் இருக்கு, இக்னிஷன் ஆன்ல நோண்டினா ஏர்பேக் லைட்டு வந்து உக்காந்துக்கும்.

2. டோர் பேட லூஸ் பண்ணி வயரு போற வழியைப் பாத்து கப்ளர் லாக்கை அமுக்கி எடுங்க. அதுக்கு முன்னாடி கீழ ஓட்டைல ஒரு பழைய துணிய அடைச்சிருங்க, எனக்கு ஒரு தடவ நட்டு உள்ள விழுந்து அரைநாள் போச்சு.

கப்ளர் எடுத்தும் அசையலன்னா மிரருக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் கேஸ்கெட் பெயிண்ட்ல ஒட்டியிருக்கும், கையால மேலும் கீழும் மெதுவா ஆட்டுனா விட்டுரும், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க.

புதுசு வாங்குறப்போ கப்ளர்ல பின்னு எண்ணிப் பாருங்க, ஹீட்டர், இண்டிகேட்டர் இருந்தா வயரு கூடும். முக்கியமா அமெரிக்கா பார்ட்டு சீப்பா கிடைக்குதுன்னு போயிராதீங்க, அங்க டிரைவர் இடது பக்கம், அதனால இடது கண்ணாடி தட்டையா வரும், வலதுலதான் அகலமா காட்டுற குவிகண்ணாடி. நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம், அந்தத் தட்டைக் கண்ணாடிய இடதுல மாட்டினா அந்தப் பக்கம் பைக்காரன் வர்றது சரியா தெரியாது.

கேஸ்கெட் கிழிஞ்சிருந்தா பழசையே போடாதீங்க, செங்கோட்டைல சாரல் ஆரம்பிச்சா டோருக்குள்ள தண்ணி நிக்கும்.