ஆர்.ஓ. மெம்பிரேனை (தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வை) இன்னும் மெல்லியதாகச் செய்தால் போதுமா? தயாரிப்பில் வேறு என்ன மேம்படுத்தலாம்?

மெல்லியதாக்கினால் தண்ணீர் கூடுதலாக வரும்தான். ஆனால் அதையே துரத்திக்கொண்டிருந்தால் போதாது. மெம்பிரேன் தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தடிமனைவிடச் சீர்மைதான் பெரிய கவலை.

இன்றைய ஆர்.ஓ. மெம்பிரேனில் அடியில் பாலியெஸ்டர் துணி, நடுவில் நுண்துளைகள் கொண்ட பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக், மேலே பாலிஅமைடு என்ற இன்னொரு பிளாஸ்டிக். உப்பைத் தடுப்பது மேல் அடுக்குதான். அதன் தடிமன் சுமார் 100 முதல் 200 நானோமீட்டர். 1970களில் ஜான் கடோட் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்த வழியில்தான் அதை இன்றும் செய்கிறோம். பாலிஅமைடுக்கு இரண்டு மூலப்பொருள்கள்: அமீன், அமிலக் குளோரைடு. பாலிசல்ஃபோனை அமீன் கரைந்த தண்ணீரில் நனைத்து, மேலே நிற்கும் ஈரத்தை ரப்பர் உருளையால் ஒற்றியெடுத்து, ஹெக்சேன் என்ற, தண்ணீரோடு கலக்காத திரவத்தில் கரைத்த அமிலக் குளோரைடை ஊற்றுவோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நொடிகளில் பாலிஅமைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலமே அமீனை மறித்துவிடுவதால் வளர்ச்சியும் தானாக மட்டுப்படும். கெட்டிக்கார வேதியியல்!

வம்பு அந்த உருளையில்தான். ஒரு சொட்டு விட்டுப்போனால் அங்கே ஊசித்துளை விழும். சரி என்று நன்றாக உலர்த்தினால் அமீன் போதாமல் படலம் அரைகுறையாகும். சின்னத் துளைதானே என்று விட முடியாது. உப்புத் தடுப்பு 99.8 சதவீதத்திலிருந்து 99க்கு இறங்கினால், தாண்டி வரும் உப்பு ஐந்து மடங்காகிவிடும்.

2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், பாலிஅமைடின் உள்ளே அடர்த்தி எப்படிப் பரவியிருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியால் முப்பரிமாணத்தில் அளந்தார்கள். மெல்லியவற்றைவிடத் தடித்த மெம்பிரேன்கள் அதிகத் தண்ணீர் விட்டன. அவற்றில் அடர்த்தி சீராக இருந்ததே காரணம். இதற்கு முன்பு, 2018இல், இரண்டு கரைசல்களையும் மின்புலத்தில் நுண்துளிகளாகத் தெளித்து, சுமார் 4 நானோமீட்டர் வீதம் படலத்தை வளர்த்துக் காட்டினார்கள். அழகான முறை. ஆனால் அகலமான சுருள் நிற்காமல் ஓடும் ஆலையில் அந்த வேகம் கட்டுப்படியாகுமா என்பது என் சந்தேகம்.

பாலிசல்ஃபோன் அடுக்கை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கரைசலைத் துணிமேல் பரப்பித் தண்ணீரில் முக்கியதும் சில நொடிகளில் வெளுத்துக் கெட்டியாகும். அந்தத் தண்ணீரின் வெப்பநிலையும் அறையின் ஈரப்பதமும் மாறினால் துளைகளும் மாறிவிடும். கரைப்பான்களின் நச்சுத்தன்மை தனிப் பிரச்சினை, அதற்குத் தனிக் கேள்வியே கேட்கலாம்.

புதுப் பொருளைத் தேடுவதற்கு முன், கையிலிருக்கும் ஒரே தாளின் ஓரம், நடு என்று பல இடங்களில் துண்டு வெட்டிச் சோதியுங்கள். சராசரியை விடுங்கள், இருப்பதிலேயே மோசமான துண்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.