பக்கத்துக் கடையில் கூட்டத்தைக் கண்டால் வயிறு எரிகிறது, ஜெபித்தும் போகவில்லை. என்ன செய்வது?

மதுரை விளக்குத்தூண் பக்கம்போல ஜவுளிக்கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் இந்த எரிச்சல் நாள் முழுக்கக் கண்ணெதிரே நிற்கும். "பொறாமையை எடுத்துப்போடும்" என்று மட்டும் ஜெபித்தால் மனம் அந்தக் கடையையே சுற்றும். அந்தக் கடைக்காரர் பெயரைச் சொல்லி, அவர் வியாபாரம் செழிக்கக் கேளுங்கள். முதலில் வாய் மட்டும்தான் சொல்லும், பரவாயில்லை. 'அன்புக்குப் பொறாமையில்லை' என்ற 1 கொரிந்தியர் 13:4-இல் பவுல் அன்பை அது நடந்துகொள்ளும் விதத்தால்தான் விளக்குகிறார். ஆகவே கையால் தொடங்குங்கள்: உங்களிடம் இல்லாத அளவைக் கேட்டு வருபவரை அவர் கடைக்கு அனுப்புங்கள். அவர் கல்லாவை மனசுக்குள் எண்ணாதீர்கள். சவுல் ராஜாவைக் கெடுத்ததும் 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று பெண்கள் பாடிய கணக்குதான் (1 சாமுவேல் 18). நீங்கள் புறம்பேசியது அவர் காதுக்குப் போயிருந்தால் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். ஒன்றும் அறியாதவரிடம் போய் "பொறாமைப்பட்டேன்" என்று கொட்டினால் உங்கள் பாரம் அவர் தலையில் ஏறும்.