செங்கோலை மேசை மேல் கிடத்துவதா, இருக்கை அருகே நிறுத்துவதா?

கேள்வி: ஊத்தங்கரைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. பிளஸ் ஒன் பிள்ளைகள் 38 பேரை வைத்து, மக்களவை மாதிரியில் ஒரு நாடாளுமன்றம் நடத்தப் போகிறோம். செங்கோல் கட்டாயம் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். "அதை மேசை மேல் கிடத்த வேண்டும், அது இல்லாமல் சபை செல்லாது" என்கிறார் எங்கள் பி.டி. சார். தமிழய்யாவோ, "சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்" என்கிறார். ஓசூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன், "எங்க ஊர் ராஜாஜிதான் அதைக் கொடுக்க வெச்சார், அதையும் சொல்லணும்" என்கிறான். எது சரி? யார் தூக்கி வருவது? எதில் செய்வது? கையில் 2,000 ரூபாய்தான் இருக்கிறது.

பதில்: பி.டி. சாரும் சரி, தமிழய்யாவும் சரி, டீச்சர். இருவரும் பேசுவது வேறு வேறு பொருளைப் பற்றி, அவ்வளவுதான். பி.டி. சார் மனத்தில் இருப்பது லண்டன் காமன்ஸ் சபையில், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில், இருக்கும் தண்டு. தமிழய்யா சொல்வது 2023 மே 28 அன்று டெல்லிப் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்த செங்கோல். தமிழில் இரண்டையும் செங்கோல் என்றே சொல்லிவிடுகிறோம். இலங்கை நாடாளுமன்றத்தில் இருப்பது, காமன்ஸ் சபை 1949-இல் பரிசாகக் கொடுத்த தண்டு. அங்கே தமிழில் அதற்கும் செங்கோல் என்றுதான் பெயர். அதைத் தோளில் சுமந்து வரும் அதிகாரிக்குப் படைக்கலச் சேவிதர் என்று அழகான பெயர் ஒன்று உண்டு. இங்கே குழப்பம் வராமல் இருக்க, லண்டன்காரர்களுடையதை அவர்கள் சொல்கிறபடியே மேஸ் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

மேஸ் பிறந்தது ஆயுதமாக. நம் ஊர்த் தண்டாயுதம் மாதிரி, கவசம் போட்டவன் மண்டையையும் பிளக்கும் இரும்புத் தண்டு. அரசனின் காவலர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். காலப்போக்கில் வெள்ளி ஏறி, தங்க முலாம் ஏறி, கிரீடம் ஏறி, அடிக்கவே முடியாத அலங்காரப் பொருளாக ஆகிவிட்டது. இதை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க லண்டன் வரை போக வேண்டாம். தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை போதும். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, எல்லாம் பளபளவென்று இருந்தன. இவை அழகாகத்தான் இருக்கின்றன, எங்கள் அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் ஔவை. மேஸ் என்பது தொண்டைமான் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்த ஆயுதம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆனால் அலங்காரமாகிவிட்டதே தவிர, அதற்கு வேலை போகவில்லை. இப்போது காமன்ஸ் சபையில் இருப்பது இரண்டாம் சார்லஸ் காலத்தது, 17-ஆம் நூற்றாண்டு, ஏறக்குறைய 5 அடி நீளம். தினமும் சபை தொடங்கும்போது அதிகாரி ஒருவர் தோளில் சாய்த்து அதைக் கொண்டுவருவார், சபாநாயகர் பின்னால் வருவார். சபாநாயகர் இருக்கையில் உட்கார்ந்தால் மேஸ் மேசை மேல். சபை முழுவதும் ஒரு குழுவாக மாறி மசோதாவைப் பிரித்து ஆராயும் நேரத்தில் சபாநாயகர் இருக்கையை விட்டு இறங்கிவிடுவார். மேஸும் மேசைக்கு அடியில் உள்ள தாங்கிகளுக்கு இறங்கிவிடும். உள்ளே நுழையும் உறுப்பினர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தண்டு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தாலே நடப்பது என்ன என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், தங்க முலாம், கிரீடம் எல்லாவற்றையும்விட இந்த ஏற்ற இறக்கம்தான் அதில் பார்க்க வேண்டிய விஷயம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இதே கதைதான். கருங்காலிக் குச்சிகள் 13, முதல் 13 மாநிலங்களுக்காக, வெள்ளிப் பட்டையால் கட்டியவை. உச்சியில் உருண்டை, அதன் மேல் கழுகு. சபை கூடியிருந்தால் சபாநாயகருக்கு வலப்பக்கம் பச்சைச் சலவைக்கல் பீடத்தில் நிற்கும். குழுவாக மாறினால் தாழ்வான இடத்துக்குப் போகும். 1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது பழையது அழிந்துபோக, இப்போதிருப்பது 1841-இல் செய்தது.

மேஸ் இல்லாமல் காமன்ஸ் சபை நடக்காது என்று பி.டி. சார் சொன்னதும் உண்மைதான். 2018 டிசம்பரில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்சிட் தகராறில் கோபம் வந்த லாயிட் ரசல்-மாயில் என்ற உறுப்பினர் மேசையிலிருந்து மேஸைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பணியாளர்கள் அதை வாங்கித் திரும்ப வைக்கும் வரை சபை நின்றது. அன்று முழுவதும் அவரை வெளியே அனுப்பினார்கள். நம் நாட்டிலும் 2016 டிசம்பரில் திரிபுரா சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் அங்கிருந்த மேஸை எடுத்துக்கொண்டு ஓடினார். இந்தக் காட்சியைக் கேள்விப்பட்டால் உங்கள் எதிர்க்கட்சிப் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சரி, டெல்லிக்கு வருவோம். நம் மக்களவை இங்கிலாந்தைப் பார்த்து எத்தனையோ பழக்கங்களை எடுத்துக்கொண்டது, மேஸை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 2023-இல் வந்த செங்கோலும் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. சபாநாயகர் இருக்கைக்கு வலப்பக்கம் ஒரு பெட்டகத்தில் நின்றபடி இருக்கிறது. அவை நடத்தை விதிகளில் அதற்கென்று ஒரு வேலையும் கிடையாது. மேலே ஏறுவதில்லை, கீழே இறங்குவதில்லை. அது இல்லாவிட்டாலும் மக்களவை செல்லும்; பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இல்லாவிட்டால்தான் செல்லாது. உங்கள் 38 பேரில் குறைந்தது நான்கு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் நம் அரசியலமைப்புக் கேட்கும் கணக்கு.

இந்தச் செங்கோல் 1947-இல் சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடையில் செய்தது. வெள்ளியில் செய்து தங்கம் போர்த்தியது, உச்சியில் நந்தி, இதுவும் ஏறக்குறைய 5 அடி. திருவாவடுதுறை ஆதீனம் செய்யச் சொல்லி, ஆதீனத்திலிருந்து போன தம்பிரானும், ஓதுவாரும், நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 14 மாலை நேருவின் வீட்டில் கொடுத்தார்கள். அப்புறம் அது பல ஆண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்தது. நேருவுக்குப் பரிசாக வந்த தங்கக் கைத்தடி என்ற குறிப்போடு இருந்ததாகச் செய்திகள் வந்தன. செங்கோலுக்குக் கைத்தடி என்று பெயர் எழுதினார்கள் என்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது. விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு அது தடிதானே!

இங்கேதான் உங்கள் ஓசூர்ப் பையன் வருகிறான். ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில், 1878-இல். அதில் பெருமைப்பட அவனுக்கு உரிமை உண்டு. ஆட்சி கைமாறுவதை எப்படி அடையாளமாகக் காட்டுவது என்று வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் நேருவிடம் கேட்டார், நேரு ராஜாஜியிடம் கேட்டார், ராஜாஜி ஆதீனத்தை அணுகினார், செங்கோல் மவுண்ட்பேட்டன் கைக்குப் போய்த் திரும்பி நேருவுக்கு வந்தது, இதுவே ஆட்சி மாற்றத்தின் அடையாளம் என்பது 2023-இல் அரசு தரப்பு சொன்ன வரலாறு. ஆதீனம் செங்கோல் கொடுத்ததில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த நாளைய பத்திரிகைகளிலேயே இருக்கிறது. மவுண்ட்பேட்டன், ராஜாஜி பங்குக்குத்தான் அந்தக் காலத்து ஆவணச் சான்று இல்லை என்று எதிர்க்கட்சியினரும் வரலாற்று அறிஞர்கள் பலரும் மறுத்தார்கள். அதனால் அந்தப் பையன் அறிமுக உரையில் "ராஜாஜியின் யோசனை என்று சொல்லப்படுகிறது" என்று சொல்லட்டும். "ராஜாஜி கொடுக்க வைத்தார்" வேண்டாம். இன்னும் நல்லது, அதையே ஒரு கேள்வி நேரக் கேள்வியாக எழுப்பட்டும். 2024-இல் செங்கோலை எடுத்துவிட்டு அரசியலமைப்பின் பிரதியை வைக்க வேண்டும் என்று சமாஜ்வாதி உறுப்பினர் ஒருவர் கேட்டார், அது பெரிய விவாதமானது. உங்கள் பிள்ளைகளுக்கு நேரமில்லா நேரத்துக்கு இதைவிடச் சூடான பொருள் கிடைக்காது. நந்தி வேண்டுமா என்று பெற்றோர் யாராவது கேட்டாலும் சங்கடப்படாதீர்கள்; அந்தக் கேள்வியையும் சபைக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்தச் சொல்வேன். "செங்கோல் என்றால் சிவப்புக் கோல்" என்று ஒரு மாணவி உரையில் எழுதிக்கொண்டு வருவாள், எல்லாப் பள்ளியிலும் ஒருத்தி வருவாள். செம்மையான கோல், அதாவது வளையாத கோல். அதற்கு எதிர் கொடுங்கோல், வளைந்தது. திருக்குறளில் 55-ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை. தமிழய்யா இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.

ஆக, மக்களவை மாதிரி நடத்துகிறீர்கள் என்றால் தமிழய்யா சொன்னபடி செய்யுங்கள்: இருக்கையில் உட்காருபவருக்கு வலப்பக்கம், நின்ற நிலையில், சபை தொடங்கும் முன்பே வைத்துவிடுங்கள். தினசரி ஊர்வலம் கிடையாது. ஊர்வலம் இல்லாவிட்டால் பிள்ளைகள் முகம் வாடும் என்றால், குடியரசுத் தலைவர் உரையைக் காட்சியாகச் சேருங்கள். 2024 ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் உரையாற்ற வந்தபோது அவருக்கு முன்னால் செங்கோலை ஏந்திச் சென்றார்கள். அதற்கு ஒரு மார்ஷல், அதாவது அவைக் காவலர், போதும். நிமிர்ந்து, இரண்டு கையாலும் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக நடக்கிற பிள்ளையாகப் பாருங்கள். உயரமான பிள்ளையாக இருந்தால் 5 அடித் தண்டு பின்னால் ஆளை மறைக்காது.

பி.டி. சாரின் மேஸை மக்களவைக் காட்சியில் கலக்காதீர்கள். அவர் மனம் கோணாமல் இருக்க, அவரிடம் மணியைக் கொடுங்கள். உண்மையில் நம் சபையில் வேலை செய்கிற பொருள் மணிதான். வாக்கெடுப்பு என்றால் மணி அடித்து மூன்றரை நிமிடம் கழித்துத்தான் கதவை அடைப்பார்கள். அப்புறம், சபாநாயகர் எழுந்து நின்றால் பேசிக்கொண்டிருப்பவர் உட்கார வேண்டும். இது இல்லாமல் நான் பார்த்த பள்ளி நாடாளுமன்றங்களில் பாதி சந்தைக்கடையாகத்தான் முடிந்தன. இருக்கைக்கும் கொஞ்சம் கவனம் கொடுங்கள். சென்னைக் கோட்டையில் நம் பேரவைத் தலைவர் உட்காரும் நாற்காலி, 1922 மார்ச்சில் ஆளுநர் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் அன்றைய சட்டமன்றத்துக்குக் கொடுத்தது, நூறாண்டு தாண்டிவிட்டது. தலைமை ஆசிரியர் அறைச் சுழல் நாற்காலியை மட்டும் தள்ளிக்கொண்டு வராதீர்கள், சபாநாயகர் பாதி விவாதத்தில் திரும்பிக்கொள்வார்.

செய்வதற்கு வருகிறேன். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் கையில் பிடிக்கும்போதே ஆடும், கண்ணுக்கும் குழாயாகவே தெரியும். கட்டில் கால் கடையும் பட்டறைக்குப் போங்கள். தேக்கு வேண்டாம், வேம்பு போதும். 5 அடியை ஒரே துண்டாகக் கடைய முடியாது என்று சொன்னால் இரண்டு துண்டாகக் கடைந்து நடுவில் முளை வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த மூட்டின் மேல் ஒரு வளையம் வருகிற மாதிரி கடைந்தால் இணைப்பு வெளியே தெரியாது. கைப்பிடி தடிமன் ஒன்றேகால் அங்குலம், அதற்கு மேல் போனால் பிள்ளைகள் கைக்குப் பிடிபடாது. மரச்செங்கோல் என்று யாராவது கேலி செய்தால் கனடாவைச் சொல்லுங்கள். 1916 பிப்ரவரி 3 அன்று ஒட்டாவா நாடாளுமன்றம் எரிந்தபோது மேஸ் உருகிப்போனது. புதிது வரும் வரை மரத்தில் செய்ததை வைத்துச் சபை நடத்தினார்கள். இன்றும் தீவிபத்து நினைவு நாளில் அந்த மர மேஸைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

உச்சியில் வரும் நந்தியை மரத்தில் செதுக்கினால் உங்கள் 2,000 அதிலேயே போய்விடும். உங்கள் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கிரீடமும் புஜக்கட்டையும் செய்து தருபவரைத் தேடிப் பிடியுங்கள். இரவு முழுக்கத் தலையில் வைத்து ஆடுவதற்கு எடை இருக்கக் கூடாது, விளக்கு வெளிச்சத்தில் தூரத்திலிருந்து தங்கமாகத் தெரிய வேண்டும், இந்த இரண்டும் அவர் தொழில். கல்யாண முருங்கைக் கட்டையிலோ காகிதக் கூழிலோ நந்தி செய்து ஜிகினாத் தாள் ஒட்டித் தருவார். நந்திக்குப் பதில் நான்கு சிங்கம் வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், அது அரசு முத்திரை, அதை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு 2005-இல் தனிச் சட்டமே இருக்கிறது.

தண்டுக்கு மட்டும் தங்க நிறப் பெயிண்ட். இதில் நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் அடித்து, மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர்வலம். மார்ஷல் வேடம் போட்ட பையன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றபோது, வெள்ளைச் சட்டையில் தோள் முதல் இடுப்பு வரை தங்கக் கோடு. அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெயிண்ட் காய மூன்று நாள் விடுங்கள், மேலே ஒரு கோட் வார்னிஷ் அடியுங்கள், அந்தப் பிள்ளைக்கு வெள்ளைக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.