பிரஷர் மாத்திரையால் கால் வீங்கினால் நிறுத்தலாமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து 63 வயது விவசாயி ஒருவர் கேட்கிறார்: "ஒரு வருடமாக பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். வரப்பில் வேகமாக நடந்தால் நெஞ்சைப் பிடிக்கிறது என்றதும் டாக்டர் அதை 10 ஆக்கினார். இப்போது பிரஷர் 130/80, நெஞ்சுப் பிடிப்பும் குறைந்திருக்கிறது. ஆனால் சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்குகிறது. கிட்னி என்கிறார்கள், யானைக்கால் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஐயா. உங்களுக்கு அந்த ஒரு மாத்திரை இரண்டு வேலை பார்க்கிறது. ரத்தக் குழாயின் தசை சுருங்க கால்சியம் உள்ளே போக வேண்டும். அந்த வழியை இது அடைக்கிறது. குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது. இதயத்தின் பளு குறைகிறது, இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களும் விரிகின்றன. நிறுத்தினால் நெஞ்சுப் பிடிப்பும் சேர்ந்து திரும்பலாம்.

நிறுத்திப் பார்ப்பவர்களை இந்த மருந்து நன்றாக ஏமாற்றும். உடம்பில் இருப்பது பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இரண்டு நாள் போடாமல் பிரஷர் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. "மாத்திரையே வேண்டாம் போலிருக்கே" என்று தோன்றும். ஏற்றம் அப்புறம்தான் மெல்லத் தெரியும்.

சரி, வீக்கம் ஏன்? ரத்தம் கொண்டுவரும் சிறு குழாய்களை அம்லோடிபின் நன்றாக விரிக்கிறது. திருப்பி எடுத்துப்போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. மதகைத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் தண்ணீர் நிற்குமே, அந்த மாதிரி. உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை என்பதால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. வீணாக உப்புச்சத்து குறைந்து தலைசுற்றும். இந்த வீக்கம் 5 மி.கி.யைவிட 10 மி.கி.யில் அதிகம் வரும். நாள் முழுக்க வயலில் நிற்பவருக்குச் சாயங்காலம் கூடும்.

யானைக்கால் பயம் புரிகிறது. ஒரு காலத்தில் கும்பகோணம் பக்கம் அதிகம் இருந்த நோய். ஆனால் அது பெரும்பாலும் ஒரு காலில்தான் கூடுதலாகத் தெரியும். உங்களுக்கோ மாத்திரையைக் கூட்டிய பிறகு, இரண்டு காலிலும் வந்திருக்கிறது. கிட்னி சந்தேகத்துக்கு ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டும் பார்த்துவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, காலையில் முகம் வீங்குவது, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்குவது என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இது: மறுபடி 5 ஆக்கிக்கொண்டு, டெல்மிசார்டன் மாதிரி ஒன்றைச் சேர்க்கலாமா? அதனால் பிரஷரும் கட்டுப்படும், வீக்கமும் குறைய வாய்ப்புண்டு. நெஞ்சுப் பிடிப்புக்கு மெட்டோப்ரோலால் போல ஒன்றை அவர் யோசிக்கலாம். "சில்னிடிபினுக்கு மாறினால் கால் வீங்காதாமே" என்று யாராவது சொல்வார்கள். வீக்கம் குறைவுதான், ஆனால் அது முக்கியமாக பிரஷருக்கான மருந்து, உங்கள் நெஞ்சுப் பிடிப்பை மறந்து மாற்றக் கூடாது.

வலி வந்த நேரத்தில் கூடுதலாக ஒரு அம்லோடிபின் போடுவது பயனில்லாத வேலை. அது வேலை காட்டவே பல மணி நேரம் ஆகும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் உட்கார்ந்துகொண்டு அதை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, சும்மா இருக்கும்போதே வலித்து வியர்த்தாலோ 108-ஐ அழையுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்துப் போங்கள். முழங்கால் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் பிரஷரையும் ஏற்றும், வீக்கத்தையும் கூட்டும். அதைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் அம்லோடிபினும், தனியார் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அம்லோடிபினும் ஒரே டப்பாவில் கிடக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.