பரிசு அட்டை வருமானம் இரு தடவை பதிவாவது குறித்து

வணக்கம். யாழ்ப்பாணத்திலுள்ள உங்கள் புடவைக்கடையின் பரிசு அட்டைகளைக் கனடா உறவுகள் இணையத்தில் வாங்குவதாகவும், இணையத்தள வருகைகளையும் விற்பனையையும் அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் அவ்விற்பனை எல்லாவற்றையும் கொடுப்பனவுத் தளத்திலிருந்து வந்ததாகக் காட்டுவதாகவும், அதிலுள்ள வருமானம் வங்கியில் சேர்ந்ததைவிட அதிகமென்றும் எழுதியிருந்தீர்கள். முதலாவது எளிது: அனலிட்டிக்ஸின் டேக் (தளத்தில் பதிக்கும் அளவீட்டுக் குறியீடு) அமைப்புகளிலுள்ள, வருகையின் மூலமாகக் கணக்கிடக் கூடாத தளங்களுக்கான ‘தேவையற்ற பரிந்துரைகள்’ பட்டியலில் அத்தளத்தின் முகவரியைச் சேருங்கள்; பழைய தரவு மட்டும் மாறாது.

இரண்டாவதே உண்மையில் கவலைக்குரியது. அட்டை விற்கும்போது ஒரு தடவையும், இங்குள்ளவர் அதைக் கொடுத்துச் சேலை வாங்கும்போது மறு தடவையும் கொள்வனவு நிகழ்வு (வாங்கியதை அனலிட்டிக்ஸுக்கு அறிவிக்கும் பதிவு) முழு மதிப்புடன் பதிவானால், ஒரே பணம் இருமுறை வருமானமாகிவிடும். ஆகவே அட்டையால் கழிந்த தொகையை நீக்கி, மேலதிகமாகச் செலுத்திய பணத்தை மட்டும் இரண்டாவது கொள்வனவின் மதிப்பாக அனுப்பும்படி தளத்தை அமைத்தவரிடம் கேளுங்கள். கணக்கியலில் அட்டை விற்ற பணம், பொருள் கொடுக்கப்படும் வரை பொறுப்பாகவே (வாடிக்கையாளருக்குத் தீர்க்கவேண்டிய கடனாகவே) இருப்பதால், தயவுசெய்து அனலிட்டிக்ஸ் அறிக்கையை உங்கள் கணக்காளரிடம் வருமானக் கணக்காக ஒப்படைக்காதீர்கள்.