முதல் பாதியில் வேண்டிய பொறுமை: மாரத்தான் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரத்தான் ஓட்டம் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஏற்கெனவே ஓடி முடித்த தூரத்தைத் தமது முந்தைய நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் ஓடுவது எப்படி? ஓட்டக்காரர்கள் 'பி.பி.' என்று சுருக்கிச் சொல்லும் அந்தத் தனிப்பட்ட சிறந்த நேரம் குறித்த ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 41, வங்கியில் பணிபுரிகிறேன். இதுவரை மூன்று முழு மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். சிறந்த நேரம் 4 மணி 11 நிமிடம். அந்த ஓட்டத்தில் முதல் பாதியை 1 மணி 54 நிமிடத்தில் முடித்தேன். ஆனால் 32-வது கிலோமீட்டருக்குப் பிறகு கால்கள் நகர மறுத்துவிட்டன. மூன்று முறையும் இதே கதைதான். வரும் ஜனவரியில் மும்பை மாரத்தானில் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க விரும்புகிறேன். இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி போதும். அதாவது பாதித் தூரத்தை 2 மணி நேரத்தில் கடந்தால் போதும். நீங்கள் அதை 1 மணி 54 நிமிடத்தில் கடந்திருக்கிறீர்கள். அப்படிச் சேர்த்து வைத்த ஆறு நிமிடங்களுக்கு விலையாக, இரண்டாம் பாதியில் 2 மணி 17 நிமிடம் ஓடி, தேவைக்கு மேல் பதினேழு நிமிடங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். நான்கு மணி நேரத்துக்குள் ஓடும் திறன் உங்கள் உடலில் அன்றே இருந்தது என்றுதான் இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. அந்தத் திறனைத் தூரம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கத் தவறியதுதான் பிழை.

இதை நான் அனுபவத்தில் அறிந்தவன். என் நான்காவது மாரத்தானில், நான்கு மணி நேரக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் வேகவழிகாட்டியை இரண்டாவது கிலோமீட்டரிலேயே பின்னால் விட்டுவிட்டு முன்னேறினேன். மூச்சு சீராக இருந்தது, காற்று குளிர்ந்திருந்தது, மெதுவாக ஓட ஒரு காரணமும் தெரியவில்லை. 34-வது கிலோமீட்டரில், ஒரு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கெண்டைக்கால் பிடிப்பை நீவிக்கொண்டு நின்றிருந்தபோது அதே கொடி என்னைக் கடந்து போனது. அதைப் பிடித்திருந்தவர் பக்கத்தில் ஓடியவருடன் பேசிக்கொண்டே போனார். அவர் என்னைக் கடக்கும்போது அவருடைய வேகம் முதல் கிலோமீட்டரில் இருந்ததைவிட ஒரு துளியும் கூடியிருக்கவில்லை என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

32-வது கிலோமீட்டரில் நேர்வது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஏறத்தாழ 2000 கலோரிக்குத்தான் வரும். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 42 கிலோமீட்டருக்கு 2700 கலோரிக்கு மேல் தேவைப்படும். எஞ்சியதைக் கொழுப்பு தர வேண்டும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டு மாவுச்சத்தையே அதிகம் எரிக்கிறது என்பதால், தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு 17 விநாடி வேகமாக ஓடியது அப்போது உங்களுக்கு உறைக்காமல் போனாலும், கையிருப்பை முன்கூட்டியே கரைத்துவிட்டது.

உலகின் தலைசிறந்த ஓட்டங்களிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடியும் இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடியும் எடுத்துக்கொண்டார். 2003-இல் லண்டனில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் பெண்களுக்கான உலக சாதனை படைத்தபோதும் இரண்டாம் பாதியே வேகமானது. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022-இல் பெர்லினில் முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் கடந்தும், இரண்டாம் பாதியில் ஒன்றரை நிமிடம் போல இழந்தும், 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் சாதனை படைத்தார் என்பது உண்மைதான்; ஆனால் கிப்சோகேக்கு வாய்த்த அந்த விலக்கை நாம் நமக்கு வழிகாட்டியாகக் கொள்ள முடியாது.

மும்பையில் முதல் ஐந்து கிலோமீட்டரை ஒவ்வொன்றும் 5 நிமிடம் 50 விநாடி என்ற அளவில் ஓடுங்கள். அதற்குப் பிறகு 5 நிமிடம் 39 விநாடிக்கு வந்து அங்கேயே நில்லுங்கள். அப்படி ஓடினால் 10-வது கிலோமீட்டர்ப் பலகையை 57 நிமிடம் 25 விநாடியிலும், பாதித் தூரத்தை 2 மணி நேரத்தைச் சில விநாடிகள் தாண்டியும், 32-ஐ 3 மணி 2 நிமிடத்துக்குச் சற்று முன்னதாகவும் கடப்பீர்கள். முடிவு 3 மணி 59 நிமிடம் 20 விநாடியை ஒட்டி அமையும். இந்த மூன்று எண்களையும் முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பாதித் தூரத்தில் இலக்குக்குச் சில விநாடிகள் பின்தங்கியிருப்பது உங்களுக்குப் பதற்றம் தரும். அந்தப் பதற்றத்தைத் தாங்கிக்கொள்வதுதான் இம்முறை உங்களுடைய உண்மையான பயிற்சி.

மும்பைத் தடத்தில் பெடர் சாலை ஏற்றம் திரும்பி வரும் வழியில், கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குள் வருகிறது. அங்கே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மூச்சின் அளவை மாற்றாமல் ஏறுங்கள். வேகம் பதினைந்து இருபது விநாடி குறைந்தாலும் இறக்கத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். ஏற்றத்திலேயே நேரத்தை மீட்கப் பார்ப்பவர்கள்தான் இறங்கும்போது நடந்துகொண்டிருப்பார்கள்.

பயிற்சியைக் கடுமையாக்க வேண்டியதில்லை என்றாலும் நீண்ட ஓட்டத்தை மாற்ற வேண்டும். ஞாயிறுகளில் 28 முதல் 32 கிலோமீட்டர் வரை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். அவற்றில் இரண்டு மூன்றில் மட்டும் கடைசி 8 கிலோமீட்டரைப் போட்டி வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். சென்னையின் செப்டம்பர், அக்டோபர் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுவதால் உடல் குளிர்வதில்லை, இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த மாதங்களில் 5:41 வேகம் எட்டாததாகத் தோன்றினால் மனம் தளர வேண்டாம். மும்பையின் ஜனவரி விடியல் அதைவிட இதமாக இருக்கும்.

ஓட்டத்தின் நடுவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓட்டக்காரர்கள் பிழிந்து உண்ணும் 'ஜெல்' என்ற இனிப்புக் கூழின் ஒரு பொட்டலத்தில் பொதுவாக 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். ஜெல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை இடுப்புப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் ஞாயிறு ஓட்டங்களில் பழகிய பின்பே போட்டியில் உண்ணுங்கள். பசி எடுக்கும்வரை காத்திருந்தால் உண்டது வயிற்றிலிருந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

கேள்வி: என் கைக்கடிகாரம் 42.2 கிலோமீட்டரை 3 மணி 58 நிமிடத்தில் காட்டியது. ஆனால் முடிவுக் கோடு இன்னும் தள்ளியிருந்தது. சான்றிதழில் 4 மணி 1 நிமிடம் என்று வந்தது. தடத்தைத் தவறாக அளந்துவிட்டார்களா? எந்த நேரத்தை என் பி.பி. என்று சொல்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, மூன்று நிமிட இடைவெளியில் ஓராண்டு உழைப்பு நிற்கிறது. ஆயினும் சான்றிதழின் நேரமே உங்களுடையது. முறையாகச் சான்றளிக்கப்பட்ட தடங்களைச் செயற்கைக்கோள் கருவியால் அளப்பதில்லை. முன்சக்கரத்தில் சுழற்சி எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியை, எஃகு நாடாவால் அளந்து குறித்த நேர்ச்சாலையில் முதலில் ஓட்டிச் சரிபார்த்து, பிறகு தடம் முழுவதையும் அதில் ஓட்டி அளக்கிறார்கள். வளைவுகளில் நடைபாதை ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட இயலும் மிகக் குறுகிய கோட்டையே பின்பற்றுகிறார்கள். தடம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். முழு மாரத்தானில் அதுவே 42 மீட்டர்.

நாமோ அந்தக் குறுகிய கோட்டில் ஓடுவதில்லை. கூட்டத்தைத் தவிர்க்க விலகுகிறோம், தண்ணீர் மேசைக்காகச் சாலையின் மறுபுறம் போகிறோம், வளைவுகளின் வெளிப்புறத்தில் சுற்றுகிறோம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே கடிகாரத்தின் சமிக்ஞையும் தடுமாறும். எனவே முடிவுக் கோட்டில் 42.5 அல்லது 42.6 கிலோமீட்டர் என்று கடிகாரம் காட்டுவது இயல்பே. நான்கு மணி நேர இலக்குக்கு 5:41 என்று கடிகாரத்தை நம்பி ஓடாமல் 5:37 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் தானாகவே ஒவ்வொரு கிலோமீட்டரையும் கணக்கிடும் வசதியை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைக் கடக்கும்போது நீங்களே பொத்தானை அழுத்துவது இதைவிடவும் நல்லது.

தொடக்கத் துப்பாக்கி ஒலித்ததிலிருந்து கணக்கிடும் நேரம், தொடக்கக் கோட்டை நீங்கள் அணிந்திருக்கும் நேரம் பதியும் சிப் கடந்ததிலிருந்து கணக்கிடும் நேரம் ஆகிய இரண்டில், நம் போன்றோர் சிப் நேரத்தையே பி.பி. எனக் கொள்வது வழக்கம். அதில் தவறில்லை.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 2011-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அன்றைய உலக சாதனையான 2:03:59-ஐவிட அது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு. ஆனாலும் பாஸ்டன் தடம் ஒரே திசையில் சென்று, அனுமதித்த அளவைவிட அதிகமாகத் தாழ்ந்து இறங்குவதால் அதை உலக சாதனையாக ஏற்கவில்லை. நம் நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதும் தடத்தையும் அன்றைய வெப்பத்தையும் பக்கத்தில் எழுதி வைப்பதே நேர்மை.

கேள்வி: 56 வயதில் தொடங்கி, 58 வயதில் அரை மாரத்தானை 2 மணி 20 நிமிடத்தில் ஓடுகிறேன். இனிமேலும் நேரத்தைக் குறைக்க முடியுமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: நிச்சயமாக முடியும். இரண்டே ஆண்டுப் பயிற்சி பெற்ற உடலில் வயது எடுத்துக்கொள்வதைவிடப் பழக்கம் கொடுப்பது அதிகமாக இருக்கும். கனடாவின் எட் விட்லாக் 2004-இல் தமது 73-வது வயதில் டொராண்டோவில் முழு மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதைகளில், மூன்று மணி நேரம் வரை மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவதே அவருடைய பயிற்சி. எனவே வாரத்தில் நான்கு நாள் மெதுவான ஓட்டம், ஒரு நாள் மட்டும் சற்று வேகம், இரண்டு நாள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலுவூட்டும் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாரின் அச்சத்தை வீண் என்று தள்ளாமல், இதய மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டு முடிவை அவர்களிடம் காட்டுங்கள். ஓடும்போது நெஞ்சிலோ இடது தோளிலோ அழுத்தம் தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அங்கே சிறந்த நேரத்துக்கு இடமில்லை.

கேள்வி: ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடித்துவிட வேண்டும் என்கிறார்கள். சரியா?
– வாசகி, திருச்சி

பதில்: தாகத்துக்கேற்பக் குடியுங்கள். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியதே அதற்கு முதன்மைக் காரணம். மெதுவாக ஓடி, எல்லா மேசையிலும் நின்று குடிப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். நம் ஊர் வெயிலில் வெறும் தண்ணீருடன் உப்புக் கலந்த பானமும் தேவை. காகிதக் குவளையை வாங்கியதும் அதன் விளிம்பை விரல்களால் இறுக்கிக் குவித்து, ஓரத்தில் குடித்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே இரண்டு வாய் குடிக்கலாம். மூக்கில் ஏறாது.

கேள்வி: கார்பன் தகடு வைத்த காலணி வாங்கலாமா? போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவ்வகைக் காலணிகளில் முதலாவதாகப் புகழ்பெற்ற ஒன்றை 2017-இல் ஆய்வகத்தில் சோதித்தபோது, அதே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது, உதவி உண்மையானதே. ஆனால் அந்தச் சோதனையில் ஓடியவர்கள் நம்மைவிட மிக வேகமானவர்கள். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியச் சாதனையைத் தன்னிடம் வைத்திருந்த சிவ்நாத் சிங், வெறுங்காலில் ஓடுபவர் என்றே அறியப்பட்டவர். பணம் இருந்தால் வாங்குங்கள்; ஆனால் இந்தப் போட்டிக்கு வேண்டாம். உயரமான, மெத்தென்ற அடிப்பகுதிக்குக் கெண்டைக்காலும் பாதமும் பழக வாரக்கணக்கில் ஆகும். இந்த மூன்று வாரங்களில் ஓட்டத் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே குறைத்து, இரவு ஒன்பதரைக்கே உறங்கச் செல்லுங்கள். இருநூறு கிலோமீட்டராவது ஓடிப் பழகிய பழைய காலணியின் கயிற்றை மட்டும் புதிதாக மாற்றி, போட்டியன்று இரட்டை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.