பெரும்பாலும் நெட் இல்லாமலே வேலை பார்க்கும்படி கணினியை எப்படி அமைத்துக்கொள்வது?

கவனத்தைக் கலைக்கும் தளங்களை முடக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போடச் சொல்லி இதற்குள் நாலு பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். போட்ட கைக்கு அதை அணைக்கவும் தெரியும், அதுதான் சிக்கல். தடுப்பதை அப்புறம் பார்க்கலாம். எதற்காக நெட்டுக்குப் போகிறீர்களோ, அதை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

நான் புரோகிராம் எழுதுகிறவன். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் தேதியை எழுதும் குறியீட்டில் மாதத்துக்குச் சின்ன எம்மா, பெரிய எம்மா என்பது எனக்கு ஒருநாளும் நினைவில் நின்றதில்லை (சின்னது மாதம், பெரியது நிமிடம்). அதைப் பார்க்கத்தான் பிரவுசரைத் திறப்பேன். பதில் கிடைப்பதற்குள் பக்கத்தில் நாலு டேப் முளைத்திருக்கும். இப்போது பைத்தான் போன்றவற்றுக்கான விளக்க ஆவணங்களையெல்லாம் ஜீல் என்ற இலவச மென்பொருளில் இறக்கி வைத்திருக்கிறேன். தேடினால் பதில் வருகிறது, வேறெதுவும் வருவதில்லை.

பொது அறிவுக்குக் கிவிக்ஸ், விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் படிக்க உதவும் இலவச மென்பொருள். முழு விக்கிப்பீடியாவும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். ஆங்கிலம் படங்களோடு 100 ஜிபிக்கு மேல் போகும். படமில்லாத பதிப்பு அதைவிடச் சிறியது. தமிழ் விக்கியையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் வைப்பதாக இருந்தால் ஒன்று: ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

மெயிலுக்குத் தண்டர்பேர்ட். மெயில்களின் பிரதியைக் கணினியிலேயே வைக்கச் சொல்லும் தேர்வு அதில் உண்டு. ஆஃப்லைனில் போட்டுவிட்டுப் பதில் எழுதினால் அவுட்பாக்ஸில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போகும். அங்கே கிடந்த என் காட்டமான பதில்கள் சில, போகாமலே அழிந்ததும் உண்டு.

இவ்வளவும் ஆன பிறகு வைஃபையை அணையுங்கள். முதலில் கை கேட்காது. முகவரிப் பட்டையில் முதல் எழுத்தைத் தட்டும், பிழைப் பக்கம் வரும், மறுபடி அதே எழுத்தைத் தட்டும். அதற்குத்தான் பக்கத்தில் ஒரு தாள். நெட்டில் பார்க்க வேண்டியதை அதில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் இணைக்கும்போது மொத்தமாகப் பார்க்கிறேன். குறித்ததில் பாதிக்கு அதற்குள் தேவையே இருக்காது.

“அப்டேட் இல்லாவிட்டால் ஆபத்து” என்று கிளம்பி வருகிறவர்களுக்கு: அந்தச் சாயங்கால நேரத்தில்தான் அப்டேட்டும் போடுகிறேன். “விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் தீர்ந்தது” என்பவர்களுக்கு: நான் லினக்ஸில்தான் இருக்கிறேன், அதிலும் யூடியூப் நன்றாகவே ஓடுகிறது. நாள் முழுக்க வீடியோ கூட்டத்தில் உட்கார வேண்டிய வேலை என்றால் இது ஒத்துவராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் ஆபீஸ் சாட்டைத் திறந்தால் “ஹாய்” என்று ஒன்று. அரை மணி கழித்து “இருக்கீங்களா?”. அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி. விஷயம் என்ன என்று எங்குமே இருக்காது. அந்த ஹாயோடு கேள்வியையும் சேர்த்து எழுதினால் பார்த்ததும் பதில் சொல்லியிருப்பேனே? இவர்கள்தான் நான் உடனே பதில் சொல்வதில்லை என்று மேலதிகாரியிடம் புகார் சொன்னவர்களும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கென்று புது லேப்டாப் எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதிலேயே வேலைக்குத் தனி யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் பிரவுசரில் எந்தத் தளத்துக்கும் லாகின் செய்யாமல் வையுங்கள். கிவிக்ஸ் கோப்பு இறங்க நேரமாகும், அதை இன்று இரவே போட்டுவிடுங்கள்.